சூடு கண்ட பூனையும் அடுப்பங்கரை தேடுவது ஏன்?

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். ஒரு முறை பட்டுவிட்டால் பிராணிக்குக்கூடப் புத்தி வந்துவிடும் என்பது பெரியவர்களின் அனுபவம். ஆனால், போதைப்பொருள் விஷயத்தில் இந்தப் பழமொழி பொய்த்துப்போகிறது. இரவெல்லாம் சன்னலைச் சாத்தி, சாவித் துவாரத்தில் காகிதம் அடைத்து, கூரைக்கு மேலே போலீஸ் ஒளிந்திருக்கிறது என்று நடுங்குகிறான் ஓர் இளைஞன். பிறகு இரண்டு நாள் அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறான். எழுந்ததும், அந்தப் பயத்தைக் கொடுத்த பொருளையே தேடிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுகிறான். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் இந்தக் காட்சியைக் கண்ட பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இவ்வளவு பயந்தவன் மறுபடியும் ஏன் போனான்?

இது வைராக்கியம் இல்லாததால் வரும் குறை என்று சிலர் சொல்வார்கள். செய்வினை என்பார்கள் வேறு சிலர். மருத்துவ உலகம் இந்தக் கேள்விக்கு விடை தேடத் தொடங்கி ஏறக்குறைய 140 ஆண்டுகள் ஆகின்றன. இல்லாததைக் கண்டு, கேட்டு, நம்பி நடுங்கும் நிலைக்கு மனப்பிறழ்வு என்று பெயர். மீண்டும் வேண்டும் என்று உடலும் மனமும் துடிக்கும் நிலைக்கு வேட்கை என்று பெயர். மலாய்க்காரர்கள் அதைக் 'கியான்' என்பார்கள். இவ்விரண்டுக்கும் என்ன உறவு என்பதுதான் இந்த வரலாற்றின் மையக் கேள்வி.

வியன்னாவில் தொடங்கிய கதை

தென் அமெரிக்க மலைப்பகுதிகளில் விளையும் கோக்கா இலையிலிருந்து எடுக்கப்படுவது கொக்கைன். 1860-ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்பர்ட் நீமன் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1884-இல் கண் அறுவைச் சிகிச்சைக்கு அது மரத்துப்போகச் செய்யும் மருந்தாகப் பயன்படும் என்று கார்ல் கோலர் கண்டறிந்தபோது, மருத்துவ உலகமே அதைக் கொண்டாடியது. அதே ஆண்டில், பிற்காலத்தில் உளப்பகுப்பாய்வின் தந்தை என்று புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்ட், கோக்காவைப் பாராட்டி ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 28.

பிராய்டின் நண்பர் எர்ன்ஸ்ட் பிளைஷ்ல்-மார்க்சோ. உடற்கூறு ஆய்வின்போது ஏற்பட்ட தொற்றால் கட்டைவிரலை இழந்தவர். ஓயாத வலிக்கு மார்பின் எடுத்துக்கொண்டு அதற்கே அடிமையாகிப்போனார். கொக்கைன் கொடுத்தால் மார்பினை விட்டுவிடுவார் என்று பிராய்ட் நம்பினார். நடந்ததோ வேறு. மார்பினோடு கொக்கைனும் சேர்ந்துகொண்டது. ஓராண்டுக்குள்ளாகவே, தம் தோலின்மீது வெள்ளைப் பாம்புகள் ஊர்வதாக அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. 1891-இல், 45-ஆவது வயதில், போதையிலிருந்து மீளாமலே அவர் காலமானார். படித்தவர், அறிவியலாளர், மருத்துவ நண்பர்கள் சூழ வாழ்ந்தவர். பாம்பைக் கண்ட பயம்கூட அவரைத் தடுத்து நிறுத்தவில்லை.

1889-இல் பிரெஞ்சு மனநல மருத்துவர் வாலண்டின் மாக்னான், கொக்கைனுக்கு அடிமையான மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். தோலுக்கு அடியில் பூச்சிகள் ஊர்வதாக நம்பிச் சொறிந்துகொள்ளும் அந்த அறிகுறிக்கு இன்றளவும் அவர் பெயரே வழங்குகிறது. ஆக, கொக்கைன் மனத்தைப் பிறழச் செய்யும் என்பதும், பிறழ்ந்த பிறகும் மனிதன் அதை விடமாட்டான் என்பதும் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே தெரிந்துவிட்ட செய்திகள். ஏன் என்பது மட்டும் விளங்கவில்லை.

ஜாவாவின் கோக்கா, மலாயாவின் அபின்

கொக்கைன் எங்கோ தென் அமெரிக்காவின் கதை என்று எண்ணிவிட வேண்டாம். மலாயாவுக்கு அண்டைவீடான ஜாவாவில் டச்சுக்காரர்கள் கோக்கா தோட்டம் போட்டார்கள். 1900-இல் ஆம்ஸ்டர்டாமில் கொக்கைன் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 1910-களில் கோக்கா இலை ஏற்றுமதியில் ஜாவா உலகின் முன்னணி இடத்துக்கு வந்துவிட்டது. இந்தியாவிலோ கல்கத்தா, பம்பாய், டில்லி போன்ற நகரங்களில் வெற்றிலையோடு கொக்கைனைச் சேர்த்து மெல்லும் பழக்கம் பரவியது. கல்கத்தாவில் பணியாற்றிய மருத்துவ ஆய்வாளர் ஆர்.என்.சோப்ராவும் ஜி.எஸ்.சோப்ராவும் 1931-இல் இந்தப் பழக்கத்தைப் பற்றி விரிவான ஆய்வையே வெளியிட்டார்கள்.

மலாயாவில் நிலைமை வேறு. இங்கே அரசாங்கமே அபின் விற்றது. தொடக்கத்தில் அபின் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்ட ஆங்கிலேயர், 1910 முதல் அந்த வியாபாரத்தைத் தங்கள் கைக்கே மாற்றிக்கொண்டார்கள். நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபினிலிருந்து வந்த ஆண்டுகளும் உண்டு. ஈயச் சுரங்கத்தில் வேலை செய்த சீனத் தொழிலாளிக்கு அபின் என்றால், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளிக்குக் கள்ளுக்கடை. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941-இல் ஆர்.எச்.நாதன் தலைமையில் வெடித்த வேலை நிறுத்தத்தின் கோரிக்கைகளில், சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. போதை என்பது தனி மனிதனின் பலவீனம் மட்டுமல்ல, யாரோ இலாபத்துக்காக வாசலில் கொண்டுவந்து வைக்கும் பொருள் என்பதை அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள்.

அபினும் கள்ளும் இந்நாட்டு மக்கள் மனத்தில் ஒரு சித்திரத்தைப் பதித்துவிட்டன. போதைக்காரன் என்றால் மயங்கிச் சாய்கிறவன், மூலையில் சுருண்டு கிடக்கிறவன் என்பதே அந்தச் சித்திரம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அபின் தடை செய்யப்பட்டது. 1952-இல் அபாயகரமான போதைப்பொருள் சட்டம் வந்தது. 1970-களில் ஹெராயின் பரவியபோதும் சித்திரம் மாறவில்லை. ஹெராயினும் அபின் குடும்பத்தைச் சேர்ந்ததுதானே. 1983-இல் போதைப்பொருள் நாட்டின் பாதுகாப்புக்கே மிரட்டல் என்று அரசு அறிவித்தது. அதே ஆண்டில் வந்த சட்டம், போதைப்பித்தர்களை ஈராண்டுகள் மறுவாழ்வு மையத்தில் வைக்க வழிசெய்தது. 'புசாட் செரெந்தி' என்று ஊரறிந்த அந்த மையங்கள் ஹெராயினை மனத்தில் கொண்டு கட்டப்பட்டவை.

தூங்க வைத்த போதை, தூங்க விடாத போதை

பிறகு வந்தது சியாபு. மெத்தாம்பெட்டமின் என்பது அதன் வேதியியல் பெயர். ஜப்பானிய அறிஞர் நாகாய் நாகாயோஷி 1893-இல் உருவாக்கிய பொருள் அது. 1941 முதல் ஜப்பானில் 'ஹிரோப்பொன்' என்ற பெயரில் மாத்திரையாகவே விற்கப்பட்டது. போர்க்காலத்தில் சோர்வை விரட்டக் கொடுக்கப்பட்ட அந்த மருந்து, போர் முடிந்ததும் இளைஞர்களிடையே கொள்ளை நோய்போல் பரவியது. மனநல மருத்துவமனைகளுக்கு நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். 1951-இல் ஜப்பான் தனிச் சட்டமே இயற்றிக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று.

1958-இல் இலண்டனில் பிலிப் கானல் என்ற மனநல மருத்துவர், ஆம்பெட்டமின் வகைப் பொருளால் மனம் பிறழ்ந்த 42 பேரைப் பற்றி நூல் எழுதினார். பார்ப்பதற்கு அசல் மனச்சிதைவு நோயாகவே தோன்றும் இந்த நிலை, போதைப்பொருளால் உண்டானது என்றும், பொருள் உடலைவிட்டு நீங்கினால் பெரும்பாலும் தணிந்துவிடும் என்றும் அவர் காட்டினார். 'பையனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, இனி அவ்வளவுதான்' என்று நம்பிக்கை இழந்த குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதலான செய்தி.

கொக்கைனும் சியாபுவும் ஒரே பாதையில் போகிறவை. மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தை இரண்டுமே அளவுக்கு மீறிப் பெருக்குகின்றன. வேற்றுமை நேரத்தில்தான் உள்ளது. கொக்கைனின் வேகம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். சியாபு பல மணி நேரம் உடலில் தங்கும். அதனால்தான் தூக்கமில்லாத இரவுகளும் சந்தேகமும் நீண்டுகொண்டே போகின்றன. மலேசியாவில் கொக்கைன் பிடிபடாமல் இல்லை. 2019-இல் பினாங்கில் நிலக்கரியோடு கலந்து கடத்தப்பட்ட சுமார் 12 டன் கொக்கைன் சிக்கியது. ஆனால், தெருவில் மலிவாகக் கிடைத்தது சியாபுதான். ஆம்பெட்டமின் வகை மாத்திரைகள் 9 கோடியே 48 இலட்சம் 2021-இல் கிள்ளான் துறைமுகத்தில் பிடிபட்டன. 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில், மலேசியப் போதைப்பித்தர்களிடையே ஹெராயினை இந்த வகைப் பொருள்கள் முந்திவிட்டன.

பயத்துக்கும் வேட்கைக்கும் ஒரே வேர்

இனி மையக் கேள்விக்கு வருவோம். அபின் வகைப் பொருளுக்கு உடல் பழகிவிடும். நேற்றைய அளவு இன்று போதாது. ஆனால், கொக்கைனும் சியாபுவும் உண்டாக்கும் சந்தேகமும் பிரமையும் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கின்றன. பழகப் பழக, முன்பு பயம் தராத அதே அளவு இப்போது பயம் தருகிறது. 1975-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் போஸ்ட் கொக்கைனைக் குறித்து இந்தப் போக்கை விளக்கினார். சியாபுவை விட்டுப் பல காலம் நலமாக இருந்தவர், மீண்டும் சிறிதளவு தொட்டதுமே பழைய பிரமை முழு வேகத்தில் திரும்புவதை 1980-களில் ஜப்பானிய மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 1991-இல் அமெரிக்காவில் கொக்கைனுக்கு அடிமையான 50 ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், 68 விழுக்காட்டினர் போதையின்போது பிறர் தம்மைத் துரத்துவதாக அஞ்சியதாகத் தெரிவித்தார்கள்.

மூளை இப்படிக் கூர்மையாகிப்போவது பயத்தில் மட்டுமல்ல. 1993-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டெரி ராபின்சனும் கென்ட் பெரிட்ஜும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஒன்றை விரும்புவதும் ஒன்றுக்காகத் துடிப்பதும் ஒன்றல்ல என்றார்கள். போதைப்பொருள் பழகப் பழக, அதனால் கிடைக்கும் இன்பம் குறையலாம். ஆனால், அதற்கான துடிப்பு வளர்ந்துகொண்டே போகும். காரணம், டோபமின் இன்பத்தைத் தருவதைவிட, 'இது முக்கியம், இதைக் கவனி' என்று மூளைக்கு முத்திரை குத்திக் கொடுக்கும் வேலையைச் செய்கிறது. ஒரு லைட்டர், ஒரு துண்டு அலுமினியத் தாள், பழைய கூட்டாளி நிற்கும் தெருமுனை எல்லாம் அந்த முத்திரை பட்டு மின்னத் தொடங்குகின்றன. பார்த்ததும் கால் தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது.

2003-இல் மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர் மனப்பிறழ்வையும் இதே கண்ணோட்டத்தில் விளக்கினார். டோபமின் முத்திரை தாறுமாறாக விழுந்தால், சம்பந்தமே இல்லாத பொருளுக்கும் முக்கியத்துவம் வந்துவிடுகிறது. வீட்டுக்கு முன்னால் மெதுவாகப் போகும் மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டுக்காரர் இருமுவது, கைத்தொலைபேசி ஒலிப்பது எல்லாமே தன்னைக் குறிவைத்து நடப்பதாகத் தோன்றும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது இதுதான்.

இவ்விரண்டு விளக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் புதிர் பெருமளவு அவிழ்கிறது. பயமும் வேட்கையும் ஒன்றையொன்று அடக்கும் எதிரிகள் அல்ல. ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்றே எண்ணத் தோன்றுகிறது. பயத்தைக் கொடுத்த அதே அனுபவம் வேட்கையையும் கூர்தீட்டியிருக்கிறது. அதனால், 'பட்டால் திருந்துவான்' என்ற கணக்கு இங்கே செல்லாது. இது முழுமையான விளக்கம் என்று எவரும் சொல்லவில்லை. வேட்கை இருந்தும் பிரமை வராதவர்கள் உண்டு. பரம்பரையும் தூக்கமின்மையும் எடுத்துக்கொள்ளும் அளவும் இதில் பங்கு வகிக்கின்றன.

கோலாலம்பூர் சொன்ன பாடம்

இந்தப் புரிதலைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் இரண்டு, பிரிக்பீல்ட்சுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் நடத்தியவை. மனநல மருத்துவர் அகமது ஹாதிம் சுலைமானும் அவருடைய சக ஆய்வாளர்களும் மெத்தாம்பெட்டமினுக்கு அடிமையான 292 பேரை ஆராய்ந்தார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வின்படி, அவர்களில் 47.9 விழுக்காட்டினருக்கு முன்பு ஏதோ ஒரு சமயம் மனப்பிறழ்வு ஏற்பட்டிருந்தது. அதாவது, கிட்டத்தட்ட இருவரில் ஒருவர்.

அதற்கு முந்தைய ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. மனப்பிறழ்வு கண்ட 37 பேரில் ஒரு பாதியினருக்கு அரிபிப்ரசோல் என்ற மனநல மருந்தும், மறு பாதியினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் 8 வாரங்களுக்குக் கொடுத்தார்கள். மருந்து உட்கொண்டவர்களுக்குப் பிரமையும் சந்தேகமும் நன்றாகக் குறைந்தன. அவர்கள் சிகிச்சையிலும் அதிக நாள் நிலைத்திருந்தார்கள். ஆனால், போதைப்பொருளைத் தொடாமல் இருப்பதில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை.

குடும்பங்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய முடிவு இது. காதில் கேட்ட குரல்களை மருந்து அடக்கிவிடும். கால் மீண்டும் அந்தத் தெருமுனைக்குப் போவதை அதே மருந்து நிறுத்திவிடாது. வேர் ஒன்றாக இருக்கலாம், ஆனால் ஒரு கிளையை வெட்டியதால் மறு கிளை பட்டுப்போவதில்லை.

இரண்டு வாசல், ஒரே நோயாளி

வரலாறு இந்த இரண்டு கிளைகளுக்கும் இரண்டு வாசல்களைக் கட்டிவைத்தது. மனம் பிறழ்ந்தவனுக்கு, 1911-இல் திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை. போதைக்கு அடிமையானவனுக்குப் புசாட் செரெந்தி. இரண்டும் ஒருவனுக்கே இருந்தால் அவன் எந்த வாசலில் நிற்பது? ஹெராயின் காலத்தில் இந்தக் கேள்வி அதிகம் எழவில்லை. சியாபு காலத்தில் இதுவே தலையாய கேள்வி.

மாற்றம் வராமல் இல்லை. 2005-இல் ஹெராயின் அடிமைகளுக்கு மெத்தடோன் சிகிச்சை தொடங்கப்பட்டது. 2010 முதல் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனம், தாமாக முன்வருகிறவர்களுக்குச் சிகிச்சை தரும் 'கியூர் அண்ட் கேர்' கிளினிக்குகளைத் திறந்தது. அரசாங்க மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவுகள் இயங்குகின்றன. ஆயினும், ஹெராயினுக்கு மெத்தடோன் இருப்பதுபோல் சியாபுவின் வேட்கைக்கோ கொக்கைனின் வேட்கைக்கோ நிலைநாட்டப்பட்ட மருந்து எதுவும் இன்னும் கிடைக்கவில்லை. இப்போதைக்குப் பலன் தருபவை ஆலோசனைச் சிகிச்சை முறைகளே. ஆசையைத் தூண்டும் இடத்தையும் ஆளையும் நேரத்தையும் அடையாளம் கண்டு விலகப் பயிற்சி தருவது ஒன்று. சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லை என்று உறுதியாகும் ஒவ்வொரு முறையும் சிறு வெகுமதி தந்து ஊக்குவிப்பது மற்றொன்று. வேடிக்கையாகத் தோன்றினாலும், இந்த வெகுமதி முறைக்கே ஆய்வுகளில் வலுவான ஆதாரம் உள்ளது.

குடும்பம் செய்யக்கூடியதும் நிறைய உண்டு. 'கூரையில் ஆள் இருக்கிறான்' என்று பிள்ளை நடுங்கும்போது, இல்லை என்று மல்லுக்கு நிற்பதால் பயனில்லை. ஆமாம் என்று ஒத்துப்பாடவும் கூடாது. குரலைத் தாழ்த்திப் பேசி, கூட்டத்தை விலக்கி, கத்தி போன்றவற்றை அப்புறப்படுத்திவிட்டு, மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்வதே முறை. அங்கே போனதும் போதைப்பழக்கத்தை மறைத்து, 'காற்றுக் கருப்பு பட்டிருக்கிறது' என்று சொல்லக்கூடாது. குடும்பமானம் கருதி மறைக்கப்படும் அந்த ஒரு செய்திதான் மருத்துவருக்கு மிகவும் தேவையான செய்தி. கோயிலுக்கு நேர்ந்துகொள்வது மனத்துக்குத் தெம்பு தரலாம். அது மருத்துவருக்கு மாற்றாகிவிடாது. போதைப்பொருளை விட்டு ஒரு மாதத்துக்கு மேலாகியும் பிரமை நீடித்தால், அது வேறு மனநோயாகவும் இருக்கலாம் என்பதால் மறுபரிசோதனை அவசியம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, பையன் தெளிந்துவிட்டான் என்று வீடு நிம்மதிப் பெருமூச்சு விடும் அந்த முதல் சில வாரங்கள். பயம் மறைந்திருக்கும், வேட்கை மறைந்திருக்காது. பழைய கூட்டாளியின் எண் கைத்தொலைபேசியில் அப்படியே இருக்கும். சம்பள நாளும் வந்துவிடும். மருத்துவமனையிலிருந்து அழைத்து வரும்போதே, மாத்திரைப் பையோடு, போதை மறுவாழ்வு ஆலோசகரைச் சந்திக்கும் தேதியையும் கையோடு கேட்டு வாங்கிவர வேண்டும். அந்தத் தேதியை மருத்துவமனை தரவில்லையென்றால், பெற்றோரே அருகிலுள்ள கிளினிக்கில் பதிவு செய்துவிட வேண்டும். அந்த நாளில் பிள்ளையைத் தனியாக அனுப்பாமல், வீட்டில் ஒருவர் வேலைக்கு விடுப்பு எடுத்தாவது உடன் போய் வருவது நல்லது.